பதினொரு தாள்களுக்குச் சொன்ன சரி

வேலை பிடிச்சுப்போச்சுன்னா மாப்பிள்ளை, அதுக்கப்புறம்… அதுக்கப்புறம் என்ன சொன்னார்? குக்கர் விசில் அடித்தது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அந்த வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான், விசில் நேராகக் காதுக்குள் வந்தது, மூன்று முறை, மாமனாரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, கையில் பாதி உரித்த கமலா ஆரஞ்சு, நான் "சரிங்க மாமா" என்றேன், அவர் திருப்தியாக ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கேட்காததற்குச் சொன்ன சரி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, அவர் போயே ஒன்பது வருஷம். அதுக்கப்புறம் சம்பளமெல்லாம் தூசு என்றாரா, அதுக்கப்புறம் வீட்டில் இருக்கிறவங்க பாடு திண்டாட்டம் என்றாரா. சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரி ஞாபகம். ஆனால் அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், மாமியாரின் ஆபரேஷன் தேதியைக்கூட. "முற்றுப்புள்ளி. புதுப் பத்தி," என்கிறார் இன்னாசி அண்ணன். "சரி," என்கிறேன் நான்.

இதுதான் வேலை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் முன்னால் பிரெயில் தாள், தடித்த பழுப்புத் தாள், புள்ளிகள் மட்டும். என் முன்னால் பதினோராம் வகுப்பு உயிரியல், அச்சுப் புத்தகம். அவர் விரலால் படித்துச் சத்தமாகச் சொல்கிறார், காற்புள்ளி அரைப்புள்ளி அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து. நான் கண்ணால் புத்தகத்தில் பின்தொடர்ந்து, ஒத்துப்போனால் வாக்கியத்துக்கு ஒரு சரி, தாள் முடிந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். ஒத்துப்போகாவிட்டால் "நில்லுங்க". மதியம் அந்தத் தாள்கள் இயந்திர அறைக்குப் போகும், நானூறு பிரதிகள் புள்ளி குத்தி வரும், நானூறு பிள்ளைகளின் விரலுக்குப் போகும். ஆறு வருஷமாக இப்படித்தான். அவருடைய வலதுகை ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இடதுகை அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும், அதனால் வரப்போவது அவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரியும், நல்ல வாக்கியம் வரப்போகிறதென்றால் குரல் முன்கூட்டியே ஒரு மிடறு தண்ணீர் குடித்த மாதிரி ஆகிவிடும், எனக்கு அது தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். இப்போது மணி பதினொன்று பத்து. ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும். காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், அங்கே வேலைக்கு வருகிறேனா இல்லையா என்று கேட்டு, குரலில் ஏ.சி. இருந்தது. "டேக் யுவர் டைம் சார். ஒரு மணிக்குள்ள சொல்லிடுங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஒருவர் "அண்ணே இறங்குங்க, இங்கயே குடித்தனமா?" என்று முதுகில் தள்ளினார். "சரி," என்கிறேன். "காற்புள்ளிக்கெல்லாம் சரி வேணாம்யா," என்கிறார் அண்ணன், "வாக்கியத்துக்குச் சொன்னாப் போதும்."

காப்பீட்டுப் பத்திரங்கள். அதைத்தான் அங்கே தமிழில் திருத்த வேண்டும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது, விலக்குகள் பொருந்தும். சிங்கப்பூரில் பதின்மூன்று வருஷம் செய்ததும் அதுதான், அந்தக் கம்பெனி மூடி, வேலை அனுமதி முடிந்து, இரண்டு பெட்டியோடு திரும்பி வரும்வரை. அஞ்சாவது வரை மண்ணச்சநல்லூரில் தமிழில் படித்தவன், அப்புறம் திருச்சியில் கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்று அங்கே கொஞ்சம் மரியாதை இருந்தது. என் தமிழ் நாலு மொழித் துண்டறிக்கையின் கடைசி மூலையில் வரும், எறும்பளவு எழுத்தில். பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒருவர் அதைப் படிப்பதைப் பார்த்தேன், ரயிலில், வயதானவர், படித்தார் என்றா சொன்னேன், அதை மடித்துக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். இங்கே வந்த முதல் வருஷம் பெரம்பலூரிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள், பன்னிரண்டாவது படிக்கிறவள். "அண்ணா, எண்பதாம் பக்கத்துல ஒரு வரி காணோம்ணா. மேல உள்ளதுக்கும் கீழ உள்ளதுக்கும் ஒட்டவே மாட்டேங்குது." புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காணோம்தான். நான் விட்டது. அந்த வரியை மெதுவாகப் படித்துக் காட்டினேன், போனில் டக் டக் டக் என்று மட்டும் கேட்டது, எழுத்தாணியால் தாளில் குத்திக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், டக் டக், ஒரு வரிக்கு மூன்று நிமிஷம். "வந்துருச்சுண்ணா, ஒட்டிக்கிறேன்." வைத்துவிட்டாள். நான் வராந்தாவில் போய் நின்றேன். இவ்வளவு கவனமாக என் சொல்லை யாரும் வாங்கிக்கொண்டதில்லை. அன்றைக்கு என் மனைவி வளர்மதியிடம் சொன்னபோது மருந்துக்கடை உடுப்பைக்கூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் "நல்லாருக்குங்க" என்றாள். மனசார. அதுதான் சங்கடம், அவள் மனசாரச் சொல்வது.

"தலைப்பு. சிரைகள்," என்கிறார் அண்ணன். "சரி." "சிரைகள் உடலின் பல பகுதிகளிலிருந்தும் இரத்தத்தை இதயத்தை நோக்கிக் கொண்டு செல்கின்றன, முற்றுப்புள்ளி." "சரி." "நாம் நிற்கும்போது, காற்புள்ளி, கால்களில் உள்ள இரத்தம் புவியீர்ப்பு விசைக்கு எதிராக மேல்நோக்கிச் செல்ல வேண்டியுள்ளது, முற்றுப்புள்ளி." சரி. நாம் நிற்கும்போது. வளர்மதி கடையில் பத்து மணி நேரம் நிற்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு, அது முதலாளியின் மச்சானுக்கு. டாக்டர் அதை வெரிகோஸ் என்று சொன்னபோது எனக்கு அது வெறும் பெயராகத்தான் இருந்தது, ஆங்கிலத்தில் கேட்டால் எதுவும் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளும், இப்போது அண்ணன் வாயில் சிரை என்று வந்ததும் அவள் காலே வந்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாக முறுக்கிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே அந்தப் புண், எட்டணா அளவு இருந்தது, இப்போது ஒரு ரூபாய் அளவு, நான் ஏன் அதை நாணயத்தில் அளக்கிறேன். சாயங்காலம் அந்த இறுக்கமான காலுறையைக் கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், நான் சுருட்டி இறக்குவேன், பஞ்சு ஒட்டியிருக்கும், வெந்நீர் விட்டு நனைத்து எடுக்க வேண்டும். "நிக்கிறத நிறுத்தாம மருந்து போடுறது தண்டம்மா," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணாலும் ஆறு மாசம் நிக்கக் கூடாது." அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே "தீபாவளி, மழைக்காய்ச்சல் சீசன் முடியட்டும் சார்" என்றாள். என் சம்பளத்தில் அவள் நிற்பதை நிறுத்த முடியாது. இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்ல ஒரு வரி போதும், ஆனால் இரண்டு வருஷமாக நான் இதை வாக்கியமாகச் சொல்லாமல் பத்தி பத்தியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சரி. சரி. எங்கள் அச்சகத்தை நடத்துகிற அறக்கட்டளையின் செயலாளரிடம் போன மாதம் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன், நல்ல மனிதர், நிலைமையைச் சொன்னார், சொல்லிவிட்டு அவரே கண் கலங்கினார், நான்தான் தேற்ற வேண்டியதாயிற்று. சரி.

மாமனாருக்குச் சக்கரம். ரயில் பெட்டிப் பட்டறையில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையில் விரிசல் கண்டுபிடிக்கிற வேலை. நல்ல சக்கரம் மணி மாதிரி பேசும் மாப்பிள்ளை, விரிசல் விட்டது இருமும். மூன்று முறை மேஜை வேலைக்குக் கூப்பிட்டார்கள், மேற்பார்வையாளர், சம்பளம் கூட, குவார்ட்டர்ஸ் பெரிசு, மூன்று முறையும் மாட்டேன் என்றார். காகிதம் பேசாதாம். மூன்றாவது முறை மறுத்த வருஷம்தான் வளர்மதிக்குக் காலேஜ் இடம் கிடைத்தது, அந்த வருஷம்தான் அவள் மருந்துக்கடையில் சேர்ந்தாள், பதினெட்டு வயது, அப்போதும் ஸ்டூல் கிடையாது. இதை எனக்கு அவள் குறையாகச் சொல்லவில்லை, ஒரு தடவை, சிங்கப்பூருக்குப் போனில், வேறு என்னவோ பேசும்போது. "அப்பா ரொம்ப சந்தோஷமா வேலைக்குப் போவாருங்க. விசிலடிச்சுக்கிட்டே." நேற்று காலுறையைச் சுருட்டி இறக்கும்போது நான் மூக்கால் ஏதோ பாட்டை முனகியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை, அவள் என் தலையில் கை வைத்து, "நீங்களும் அப்பா மாதிரிதான்" என்றாள். அன்பாகத்தான். கை சூடாக இருந்தது. அப்படியானால் அந்த வாக்கியத்தின் மீதி அவளுக்குத் தெரிந்திருக்குமோ. திரைக்கு அந்தப் பக்கம் குக்கர் பக்கத்தில் நின்றவள் அவள்தானே, கேட்டிருப்பாள், அதுக்கப்புறம் என்ன என்று. கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், அதுதான் பயம். அதுக்கப்புறம் விட மனசு வராது. அதுக்கப்புறம் யாராவது ஒருத்தர் நிற்க வேண்டியிருக்கும். இல்லை, அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை, இது நானாகச் சேர்ப்பது, காப்பீட்டுப் பத்திரத்தில் பொருள் விளங்காத இடத்தில் நானாக ஒரு சொல்லைப் போட்டு ஒப்பேற்றுவேனே அதுபோல. சரி. சென்னைக்குப் போனால் அவள் உட்காருவாள். சம்பளம் மூன்று மடங்கு. வேளச்சேரிப் பக்கம் ஒரு சின்ன வீடு, ஜன்னலோரம் நாற்காலி, முக்காலியில் கால். நான் நிபந்தனைகளுக்கு உட்பட்டது, விலக்குகள் பொருந்தும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது. யாரும் போன் பண்ணி அந்த வரி காணோம் என்று கேட்கமாட்டார்கள். எல்லா வரியும் காணாமல் போனாலும் கேட்கமாட்டார்கள். சரி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை திக்குகிறது. அண்ணனின் குரல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது, தூரத்தில் யாரோ தண்ணீர் இறைக்கிற மாதிரி, நான் ஒவ்வொரு வாளிக்கும் சரி, சரி.

"மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது, முற்றுப்புள்ளி." "சரி." "அவற்றில் வாடகைக்கு விடப்பட்ட மேல் அறையில் இன்னாசி என்பவர் முன்பணம் கொடுக்காமல் குடியிருந்து வருகிறார், முற்றுப்புள்ளி." "சரி." மின்விசிறி திக்கியது. "சரியா?" என்றார் அண்ணன். "சரி," என்றேன், அப்புறம்தான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "மாட்டுனியா! பாணி, டீ உன்னோடது. பஜ்ஜியும் சேத்து. வாடகைக்கு விட்டதுக்குச் சரிங்கிறான், முன்பணத்துக்கும் சரிங்கிறான்!" இது இந்த அறையில் ரொம்ப நாளாக நடக்கிற வழக்கம். எதிரில் இருக்கிறவன் கண் சொக்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தால் படிக்கிறவர் இல்லாத வரி ஒன்றைச் செருகுவார், பிடித்தால் அவன் பிழைத்தான், பிடிக்காவிட்டால் டீ. ஆறு வருஷத்தில் நான் மாட்டியதே இல்லை. தண்டபாணிகிட்ட மட்டும் வேகாதுய்யா என்று செயலாளரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். "எப்படிண்ணே தெரிஞ்சுது?" "உன் சரி இருமுச்சு," என்றார். அவருக்கு மாமனாரைத் தெரியாது, சக்கரத்தைத் தெரியாது, ஏதோ வாயில் வந்ததைச் சொன்னார். "முன்னெல்லாம் நான் புள்ளின்னு சொல்லி முடிச்சப்புறம் அரைநொடி கழிச்சு வரும். பாத்துட்டுச் சொல்றவன் சரி. இன்னிக்கு நான் முடிக்கிறதுக்குள்ள வந்து நிக்குது, கல்யாண வீட்டுல முதல் பந்திக்கு நிக்கிற ஆளு மாதிரி." கைக்கடிகாரத்தின் கண்ணாடி மூடியைத் திறந்து முள்ளைத் தடவினார். "பன்னெண்டு இருவது. சொல்லு, எங்கேருந்து தூங்குன?"

எங்கேருந்து. புத்தகத்தைப் பின்னால் திருப்பினேன். டிக் இருந்தது. அதற்கு முந்தினதிலும் டிக். அதற்கு முந்தினதிலும். அழகாக, ஒரே சாய்வில், என் கை போட்டதுதான். இதைப் படித்தேனா? நுண்குழாய்கள், இரத்த அழுத்தம், இதய ஒலிகள், ஒரு சொல்கூட என் வழியாகப் போன தடமில்லை. திருப்பத் திருப்ப டிக். நாம் நிற்கும்போது என்ற வரி வந்ததும்தான் அடையாளம் தெரிந்தது, இதுவரை இருந்தேன், இதற்கப்புறம் இல்லை. பிரெயிலில் எண்ணினால் பதினொரு தாள். பதினொரு தாள் நீளத்துக்கு என் வாய் வேலை செய்திருக்கிறது, கை வேலை செய்திருக்கிறது. எனக்குப் பிடித்த வேலையை நான் இல்லாமலே செய்திருக்கிறேன். சிங்கப்பூரில் செய்த மாதிரி. அந்த நினைப்பு ஒரு பல்லில் பட்ட குளிர் போல இருந்தது. இங்கேயே இருந்தாலும் அந்த வேலைதான் இதற்குள் வந்து உட்காரும், இன்றைக்குப் பதினொரு தாள், தீபாவளி சீசனில் புண் பெரிதானால் இருபது, பெரம்பலூர்ப் பெண் மாதிரி போன் பண்ணத் தெரியாத ஒரு பிள்ளை எங்கோ ஒட்டாத இரண்டு வரிகளுக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டு தன் மூளையைத்தான் சந்தேகப்படும். "ரெண்டு" என்று சொல்லலாம். ரெண்டு தாள் என்றால் பத்து நிமிஷம், ஒரு மணிக்கு முன்னால் முடிந்துவிடும், அண்ணன் நம்புவார், மதியம் இயந்திர அறைக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. பதினொன்று என்றால் முக்கால் மணிக்கு மேல், சாப்பாட்டு நேரம் போகும், அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ரெண்டு என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது, முதல் பந்திக்கு நிற்கிற ஆள் மாதிரி. அவர் வலதுகை தாளின் மேல் அசையாமல் இருந்தது. இடதுகை அடுத்த வரியின் தொடக்கத்தில் காத்திருந்தது.

"பதினொன்னுண்ணே."

சிரிப்பு நின்றது. இடதுகை திரும்பி வலதுகைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. "பதினொன்னா." "சிரைகள்லேருந்து." "வளருக்குக் கால் எப்படி இருக்கு?" என்றார். நான் அந்தப் பென்சில் டிக்குகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தேன். அந்தச் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டார். "மெட்ராஸா?" "எப்படிண்ணே…" "காலைல மூணு தடவை போனை எடுத்து மேஜை மேல வச்ச. கவுத்து வச்ச. சத்தம் கேக்காதா எனக்கு? எவ்வளவு தர்றானுவ?" "மூணு மடங்கு." "மூணு மடங்கா! எனக்குக் குடுத்தா அவன் புள்ளி வைக்காத இடத்துலகூடத் தடவிப் படிச்சுட்டு வருவேனே," என்று சொல்லித் தானே சிரித்தார், அந்தச் சிரிப்பு பாதியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. தாள்களைக் கையால் அளந்து பதினொன்றை எண்ணி எடுத்தார், முடித்து வைத்த அடுக்கிலிருந்து, ஒன்றுகூட மாறவில்லை. "உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான், நல்லவன், மூக்கடைச்ச மாதிரியே சரிம்பான். அவனைப் பழக்கவே ஒரு வருஷம் ஆச்சு எனக்கு." "அண்ணே, நான் இன்னும்…" "நான் ஒன்னும் கேக்கலய்யா. வர்றவனுக்கு அரைநொடி பொறுக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போ, அவ்வளவுதான். போறதா இருந்தா." டிபன் பெட்டியைத் திறந்து பாதி வாழைப்பழத்தைச் சாப்பிட்டார், மீதியை என் பக்கம் நீட்டினார், கைக்குட்டையில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மாமனார் சொன்னதன் மீதி என்னவாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது, அடுத்த கணம் மறுபடியும் அதுக்கப்புறம், அதுக்கப்புறம் என்று ஆரம்பித்துவிட்டது. "தலைப்பு. சிரைகள்," என்றார். நான் விரலைப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டேன், எனக்குத் தேவையில்லை, என்றாலும் வைத்துக்கொண்டேன். பார்த்தேன். சரி என்றேன்.

ஏழாவது தாளில் ஒரு வரி இல்லை. "நில்லுங்க," என்றேன், நின்றார், அந்த வரியைக் குறித்துக்கொண்டோம். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் வராந்தாவுக்குப் போய்ச் சென்னைப் பெண்ணைக் கூப்பிட்டு, முதல் தேதி வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். திரும்பி வந்து மீதி நாலு தாளையும் படித்தோம்.